டெலிவரி நோட் காப்பாற்றாது

"இருபது ரூபாய் பத்திரத்தில் டெலிவரி நோட் எழுதியாச்சு, ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டாச்சு, சாவியும் கொடுத்தாச்சு. இனி அந்த வண்டிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை." பழைய வண்டி விற்றவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்கிறார்கள். வேலூரில் கார் விற்கும் ஆசிரியரும் இதை நம்புகிறார், அமிர்தியில் ஜீப் விற்கும் விவசாயியும் இதை நம்புகிறார். இது பொய். ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நிம்மதியையும் பறித்துவிடக்கூடிய பொய்.

ஆசிரியரின் காரைவிட அமிர்திக்காரரின் ஜீப்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கணியம்பாடி வழியாக வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது 1967-இல் தொடங்கிய உயிரியல் பூங்கா, அருவி. அங்கிருந்து மேலே போனால் காடு, மலைக்கிராமங்கள், ஜமுனாமரத்தூர். தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கும் இடங்களில் சாமை மூட்டையும் புளியும் பலாப்பழமும் இறங்குவது ஜீப்பில்தான். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு வருவதும் அதே ஜீப்தான். சுமைக்கும் ஆளுக்கும் வயலுக்கும் ஒரே வண்டி என்ற யோசனை பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி போர் ஜீப்பையே விவசாயிகளுக்கு ஏற்றபடி மாற்றி விற்றது. ஜெர்மனியில் உனிமாக் வண்டியை வடிவமைத்தவர்கள் இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலத்துக்குச் சக்கர இடைவெளி வைத்தார்கள். மஹிந்திரா 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த எம்.எம். 540 போன்ற ஃபோர் வீல் ஜீப்புகளை இன்றும் ஆட்கள் தேடி வருகிறார்கள். எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டலாம். லோ கியரைப் போட்டால் சேற்றிலும் செங்குத்திலும் ஏறும், பாதையே இல்லாத காட்டிலும் போகும்.

விலையை ஏற்றும் அந்தக் கடைசிக் குணம்தான் விற்றவருக்கு ஆபத்தாக முடிகிறது.

டெலிவரி நோட்டைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், பெற்றுக்கொண்ட தொகை, தேதி. "இன்று காலை 11 மணி முதல் இந்த வாகனத்தால் ஏற்படும் விபத்து, வழக்கு, அபராதம் யாவற்றுக்கும் வாங்குபவரே பொறுப்பு" என்று ஒரு வரி. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து, கீழே இரண்டு சாட்சிகள். மணி நேரம் வரைக்கும் குறித்துவிட்டதால் எல்லாம் பத்திரம் என்று தோன்றுகிறது. ஆனால் அது விற்றவரும் வாங்கியவரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வண்டியில் அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவரை அது கட்டுப்படுத்தாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30)-இன்படி பொதுவாக உரிமையாளர் என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். பிரிவு 50 விற்றவருக்கும் ஒரு கடமை வைக்கிறது: மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் அவரே பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். கையெழுத்தான ஃபார்ம் 29 ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாமல் புரோக்கர் பீரோவில் கிடந்தால் இந்தக் கடமை நிறைவேறியதாகாது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. வழக்குக்குக் காரணம் 2009-இல் நடந்த ஒரு விபத்து. பின்னோக்கி எடுத்த கார் ஏறி ஒரு சிறுவன் இறந்துபோனான். அதற்குள் கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பை எழுதினார் நீதிபதி சந்திரசூட். பதிவாகாத விற்பனைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வாங்கியவரைத் தேடும் வேலையை, அடிபட்ட குடும்பத்தின் தலையில் கட்ட முடியாது என்பது அதன் நியாயம். இந்தத் தீர்ப்பைக் கடுமையானது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை முழுக்க ஆதரிக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், ஊர் ஊராகப் போய் யார் யாருக்கு விற்றார் என்று விசாரிக்க வேண்டுமா? வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் தப்பலாம். கைமாறிய பழைய ஜீப்புக்கு அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் கட்டினார்களா என்பது விற்றவருக்கு எப்படித் தெரியும்? தீர்ப்புத் தொகையைக் கட்டிவிட்டு, வாங்கியவர்மேல் தனியாக வழக்குப் போட்டு அலையும் காலத்தில்தான் அந்த இருபது ரூபாய் பத்திரத்துக்கு உபயோகம் வரும்.

காட்டுப் பகுதியில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது. வனக் குற்றத்தில் பிடிபட்ட வண்டியைப் பறிமுதல் செய்யத் தமிழ்நாடு வனச் சட்டம் வனத்துறைக்கு அதிகாரம் தருகிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் உரிமையாளர்மேல் விழுகிறது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக் கூலித் தொழிலாளர்களும் இருந்தார்கள். செம்மரம் என்ற சொல் வந்தாலே இந்த மலைக்காரர்கள்மேல் சந்தேகம் பாய்கிறது. ஏற்கெனவே அப்படியொரு நிலையில் இருப்பவர், எந்தக் காட்டுப் பாதையிலும் ஏறும் ஜீப்பைத் தன் பெயரிலேயே முன்பின் தெரியாத ஒருவரிடம் விட்டுவைப்பது எவ்வளவு விபரீதம்! சந்தேகம் என்று வந்தால் போலீஸ் முதலில் பார்ப்பது ஆர்.சி.யைத்தான். 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் பல கை மாறியிருந்தது. விசாரணைக்கு முதலில் அழைத்துப் போனது, எப்போதோ அதை விற்றுவிட்ட குர்கான்காரரை.

இந்தப் பொய் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதில் சிலருக்கு லாபம் இருக்கிறது. ஆர்.சி.யில் பெயர் ஏற ஏற வண்டியின் மதிப்பு இறங்கும். செகண்ட் ஓனருக்கு ஒரு விலை, தேர்ட் ஓனருக்கு ஒரு விலை. புரோக்கர் தன் பெயருக்கு மாற்றினால் கட்டணமும் கட்ட வேண்டும், விலையும் குறையும். அதனால் தேதி போடாத ஃபார்ம்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பார்ட்டி கிடைக்கும்வரை உங்கள் பெயரிலேயே வண்டியை ஓட்டுகிறார். அடுத்த புரோக்கருக்கும் அதே காகிதக்கட்டு போகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால் அதன் பிறகு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்பவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. உங்கள் ஊர் புரோக்கரிடம் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

"தெரிஞ்ச ஆள்தானே, மாமன் மச்சான்தானே, பெயர் மாத்தலன்னா என்ன" என்றும் ஒரு பேச்சு உண்டு. மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வீட்டுப் பதினாறு வயதுப் பையன் ஓட்டிச் சிக்கினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோரோடு வண்டி உரிமையாளரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்; 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தெரியாது என்று நிரூபிக்க மறுபடி கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கி வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போனால் ஒரு நாள் கூலி போகிறது என்ற குறையை மட்டும் நான் தள்ள மாட்டேன். அது நியாயமான குறை. அந்த ஒரு நாளுக்கான செலவை விலையிலேயே சேர்த்துப் பேசுங்கள். வாங்குபவரும் நீங்களும் சேர்ந்தே போய் ஃபார்ம்களைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விலைக்கு மேல் ஒரு தொகையை வாங்கி வைத்து, புது ஆர்.சி.யின் நகலைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுப்பதாகப் பேசுங்கள். ஆந்திரப் பார்ட்டி என்றால் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காத ஆளுக்கு, பத்தாயிரம் அதிகம் கொடுத்தாலும் விற்க வேண்டாம். போக்குவரத்துத் துறையும் தன் பங்கைச் செய்ய வேண்டும்: மாதம் ஒரு நாள் அமிர்தியிலும் ஜமுனாமரத்தூரிலும் பெயர் மாற்றத்துக்கு முகாம் போட்டால், இந்த மலையில் பழைய பெயர்களிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்புகளின் ஆர்.சி.க்களை அங்கேயே சரிசெய்துவிடலாம்.