அடியாத மாடும் அடிபட்ட நாயும்

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் தலைமுறைகளாகக் கையால் செய்யப்பட்டு வந்த அந்தப் பூட்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. செய்யும் கைகள் குறைந்துகொண்டே வருவது தனிக்கதை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஊரிலும் சுற்றியுள்ள சமவெளித் தோட்டங்களிலும் நாய்க்குட்டி வாங்குகிற பலர், உண்மையில் இன்னொரு பூட்டைத்தான் வாங்குகிறார்கள். வாசலில் மாட்டிவிட்டால் போதும், அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். குரைக்க வேண்டும், அந்நியனை அண்டவிடக் கூடாது, வீட்டுக்குள் அசிங்கம் செய்யக் கூடாது. இதில் எதையும் யாரும் அதற்குக் கற்றுத்தருவதில்லை. தெரியவில்லை என்றால் அடி விழும். கேட்டால் ‘அடியாத மாடு படியாது’ என்கிறார்கள். மாட்டுக்கே இது பொருந்துமா என்பதை மாடு வளர்ப்பவர்கள் சொல்லட்டும். நாய்க்குட்டிக்குப் பொருந்தாது என்பதை நான் சொல்கிறேன்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில் குட்டி சிறுநீர் கழித்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் வருகிறார். குட்டியின் பிடரியைப் பிடித்து மூக்கை ஈரத்தில் தேய்த்து இரண்டு வைக்கிறார். பாடம் நடத்திவிட்ட திருப்தி அவருக்கு. குட்டிக்கோ அரை மணிக்கு முன் செய்த காரியத்தையும் இப்போது விழும் அடியையும் முடிச்சுப் போடத் தெரியாது. ஒரு செயலின் பலன் ஓரிரு விநாடிகளுக்குள் வந்தால்தான் அந்த வயதில் அது மனத்தில் பதியும். கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் அது கற்றுக்கொள்வது ‘கூடத்தில் கூடாது’ என்பதை அல்ல. ‘இந்த மனிதர் எதிரில் கூடாது’ என்பதை. அடுத்த நாள் முதல் கட்டிலுக்கு அடியிலும் பீரோவின் பின்னாலும் போகத் தொடங்கும். அதற்குத் ‘திருட்டு நாய்’ என்று பட்டமும் சூட்டிவிடுகிறோம்.

‘தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பார்த்தாலே புரியும்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த ‘முகத்தை’த்தான் எடுத்துக்கொண்டது. தின்னக்கூடாததைத் தின்ற நாயும் தின்னாத நாயும் எஜமானர் திட்டும்போது ஒரேபோலத்தான் காதைத் தாழ்த்திப் பார்வையைத் திருப்பின. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பதில் மட்டுமே. கண்டதில் எல்லாம் பிரதியைத் தேடி வாசிக்கும் நம் இலக்கிய நண்பர்கள்கூட இந்த ஒரு பிரதியைத் தவறாகவே வாசிக்கிறார்கள்.

இலக்கியம் என்றதும் நாலடியார் நினைவுக்கு வருகிறது. அறிந்து பழகிய பாகனையே யானை கொல்லும், எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும், ஆகவே நாயனையாரோடு நட்புக் கொள் என்கிறது அது. நாயின் நன்றிக்கு இதையே மேற்கோள் காட்டுகிறோம். வேலை எறிந்தவன் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

பிறந்த முதல் வாரங்களில் குட்டி தானாகச் சிறுநீர்கூடக் கழிக்காது. தாய் நக்கித் தூண்டி, நக்கியே சுத்தமும் செய்யும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும், தள்ளாடிக்கொண்டாவது படுக்கையை விட்டு நகர்ந்து போய்க் கழிக்கத் தொடங்கும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாதிருக்கும் குணத்தோடுதான் அது நம் வீட்டுக்கு வருகிறது. கூடையிலும் குறுகிய கூண்டிலும் அடைத்து விற்கிறவர்களும், வந்த அன்றே இரும்புச் சங்கிலியில் கட்டுகிறவர்களும் அந்தக் குணத்தை அழிக்கிறார்கள். இரண்டு முழச் சங்கிலியில் கிடப்பது படுத்த இடத்திலேயே போவதைத் தவிர வேறென்ன செய்யும்? எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இன் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. பால்குடி மறக்காத குட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது அலுப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்று கால்மணி நேரத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்னும் தூக்கிக்கொண்டுபோய் ஒரே இடத்தில் விட வேண்டும். இரவில் ஒரு முறை நீங்களும் எழ வேண்டும். கழித்து முடித்த அந்தக் கணத்தில், வீட்டுக்குள் வந்த பிறகு அல்ல, அங்கேயே ஒரு துண்டு அவித்த ஈரலும் ஒரு நல்ல வார்த்தையும் தர வேண்டும். கவனிக்க முடியாத நேரத்தில் கூடம் முழுக்க அலையவிடக் கூடாது. தவறினால் பேசாமல் துடைத்துவிட்டுப் போங்கள். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. வினிகர் கலந்த தண்ணீர் மேல்.

நகர வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. வாசல்வரை சிமெண்ட் பூசியாகிவிட்டது, மண் கிடையாது. எந்தத் தரையில் பழகுகிறதோ அதையே குட்டி பிறகும் தேடும். சிமெண்டில் பழகியதற்குக் கூடமும் முற்றமும் ஒன்றுதான். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் விட்டால் பாதம் வெந்துபோகும். ஒரு தட்டில் மண் பரப்பி வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

அடுத்தது நாட்டு நாய்ப் பெருமிதம். ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் தபால் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு எங்கும் ஒரே ஆர்வம். மகிழ்ச்சிதான். ஆனால் ‘நாட்டு நாய் முரடு, பழக்க முடியாது’ என்பதையும் அதே வாய்தான் பெருமையாகச் சொல்கிறது. கர்நாடகத்து முதோல் நாய்களை 2016இல் மீரட்டில் ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதே, அது என்ன வெளிநாட்டு நாயா? மூன்று வாரம் முதல் சுமார் பன்னிரண்டு வாரம்வரை குட்டி காண்பதும் கேட்பதும்தான் அதன் உலகமாகிறது என்று ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965லேயே எழுதிவிட்டார்கள். அந்த வாரங்களைத் தென்னந்தோப்பு மூலையில் சங்கிலியோடு கழித்த கோம்பை, பின்னர் குழந்தையைக் கண்டாலும் மிரண்டு கடித்தால், அதை இனத்தின் வீரம் என்பதா? கடித்த பிறகு இருட்டோடு இருட்டாகச் சிறுமலை அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவரும் தன்னை நாட்டு நாய் ஆர்வலர் என்றே சொல்லிக்கொள்ளலாம். தெருநாய் பற்றி 2025இல் உச்ச நீதிமன்றம்வரை வாதம் நடந்தபோது தெருவைப் பற்றித்தான் பேசினோம், வீட்டிலிருந்து தெருவுக்கு அனுப்பியவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. தடுப்பூசி முடியும்வரை குட்டியைத் தெருவில் நடக்கவிட வேண்டாம், பார்வோ நோய் கொன்றுவிடும். கையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தையும் பூச்சந்தையையும் காட்டுவதற்கு யார் தடை?

இன்னொன்று. ராஜபாளையத்து நாயிடம்கூட நாம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம். பையன் ‘கம்’ என்கிறான், ஆத்தா ‘வாடா’ என்கிறார், அப்பா விசிலடிக்கிறார். நாய்க்கு எந்த மொழியும் தாய்மொழி அல்ல. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’ போதும். ‘வா’ என்று கூப்பிட்டு அது வந்த பிறகு எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது.

வரும் தையில் குட்டி வாங்க இருப்பவர்கள், விற்கிறவரிடம் விலைக்கு முன் பிறந்த தேதியைக் கேளுங்கள். தாய் எங்கே இருக்கிறது, குட்டிகள் எந்தத் தரையில் கிடக்கின்றன என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.