இன்வெர்ட்டரில் வெல்டிங் மெஷின் ஓடுமா?

கம்ப்யூட்டர் வாங்கும்போதே இன்வெர்ட்டரையும் சேர்த்து வாங்குகிறோம். அதன் மேல் 850 வி.ஏ., 1500 வி.ஏ. என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கடையில் கேட்பவர்கள் குறைவு. "சார், வீடு முழுக்க ஓடும்" என்ற ஒரே வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிடுகிறது.

என் நண்பர் ஒருவருக்கு மலையடிவாரத்தில் தோட்டத்து வீடு. மின்வாரிய லைன் அங்கே கிடையாது. சோலார் பேனல், 150 ஏ.ஹெச். பேட்டரி இரண்டு, 1500 வி.ஏ. இன்வெர்ட்டர் ஒன்று. விளக்கு, ஃபேன், டி.வி., மகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான். ஒருநாள் இரும்பு கேட்டின் கீல் விட்டுப்போனது. வெல்டர் தம்பி டூவீலரிலேயே சின்ன மெஷினைக் கொண்டு வந்துவிட்டார். "பயப்படாதீங்கண்ணே, இதுவும் இன்வெர்ட்டர் மெஷின்தான், உங்க இன்வெர்ட்டர்லயே ஓடும்" என்றாராம்.

ராடு இரும்பைத் தொட்டதும் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி ட்ரிப் ஆனது. வீடே இருட்டு. உள்ளே மகள் டைப் செய்துகொண்டிருந்த காலேஜ் புராஜெக்ட்டில் சேவ் செய்யாத பத்துப் பக்கங்கள் போயின. ரீசெட் செய்து மீண்டும் முயன்றார்கள். மூன்றாவது முறை இன்வெர்ட்டர் எழுந்திருக்கவே இல்லை. சர்வீஸ் சென்டரில் "ஓவர்லோடு, வாரண்டியில் வராது" என்று சொல்லிவிட்டார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் மெஷின் என்று அர்த்தமில்லை. அதற்குள்ளேயே ஒரு இன்வெர்ட்டர் சர்க்யூட் இருக்கிறது. வரும் 230 வோல்ட்டை டி.சி.யாக்கி, அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்புகிறது. அதனால்தான் இரண்டு பேர் தூக்கிய பழைய செட் இன்று தோளில் தொங்குகிறது. எடை குறைந்திருக்கிறது. ராடை உருக்கத் தேவைப்படும் சக்தி குறையவில்லை.

கணக்கைப் பாருங்கள். கேட் வேலைக்கு 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மி.மீ. போதும். அதற்குச் சுமார் 80 ஆம்பியர் வேண்டும். ஆர்க்கில் நிற்கும் வோல்டேஜ் ஏறத்தாழ 23. பெருக்கினால் 1840 வாட்ஸ். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் பிளக்கில் இழுப்பது 2300 வாட்ஸ் அளவுக்கு வரும். இத்தோடு முடியவில்லை. இந்த மெஷின்கள் கரண்ட்டைச் சீராக இழுப்பதில்லை, அலையின் உச்சியில் மட்டும் கவ்வி இழுக்கின்றன. அதனால் வி.ஏ. கணக்கில் அது 3500-ஐத் தொடும். நண்பரிடம் இருந்ததோ 1500. 10 கேஜ் ராடு போட்டிருந்தால் இன்னும் மோசம்.

"மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இரண்டு மடங்கு தாங்கும் என்றார்களே?" என்று கேட்பீர்கள். தாங்கும், சில நொடிகள் மட்டும். மோட்டார் ஒருமுறை சுற்றத் தொடங்கினால் இழுப்பு இறங்கிவிடும். வெல்டிங்கில் ராடு எரியும் நேரம் முழுக்க இழுப்பு இருக்கும். நடுவில் ராடு ஒட்டிக்கொண்டால் அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேட்டரியில் சார்ஜுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கீலைப் பற்றவைக்க மொத்தம் இருபது நிமிட ஆர்க் என்று வைத்துக்கொண்டாலும் முக்கால் யூனிட்தான் செலவாகும். பழைய 75 வாட்ஸ் ஃபேன் பத்து மணி நேரம் சுற்றினால் ஆகும் செலவு அது. மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் அரை இன்ச் குழாயில் ஒரே நிமிடத்தில் வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? அதே கதை. எத்தனை மணி நேரம் ஓடும் என்று மட்டும் கேட்டு இன்வெர்ட்டர் வாங்குகிறோம். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்படியானால் லைன் இல்லாத வீட்டில் வெல்டிங்கே கூடாதா? கூடும். 48 வோல்ட் பேட்டரி வரிசையோடு 5 கே.வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், நல்ல வெயில் நேரத்தில், 12 கேஜ் ராடோடு தாராளமாகச் செய்யலாம். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இன்வெர்ட்டராக இருந்தால் இந்தத் திடீர் இழுப்புகளை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு கீலுக்காக யாரும் 5 கே.வி.ஏ. வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வெல்டரையே ஜெனரேட்டரோடு வரச் சொல்லலாம். அல்லது கேட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பலாம். வாடகை வண்டிக்கான செலவு புது இன்வெர்ட்டர் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. எண்ணெய் ஊற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டை மட்டும் எந்த வீட்டு இன்வெர்ட்டர் பக்கத்திலும் கொண்டு வராதீர்கள்.

பெரிய இன்வெர்ட்டரே இருந்தாலும் வெல்டிங் நடக்கும்போது கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் வோல்டேஜ் ஒரு குலுக்கு குலுக்கும். கரண்ட் விட்டுப்போனால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தானாகத் தாங்குவது சுமார் 16 மில்லி செகண்ட்தான். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். இருந்திருந்தால் அந்தப் பத்துப் பக்கங்களாவது தப்பியிருக்கும்.

நண்பரின் மகள் இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ் அழுத்துகிறாளாம். இன்வெர்ட்டரை வெளியே கொடுத்து போர்டு மாற்றியாகிவிட்டது. கேட் மட்டும் இன்னும் வெல்டிங் ஆகவில்லை. இரண்டு துளை போட்டு நட்டு போல்ட்டு முடுக்கி வைத்திருக்கிறார், நன்றாகத்தான் நிற்கிறது.