தொழில்: கமமா, கூலியா?

இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளில் படிவம் நிரப்பும்போது பலமுறை கண்ட காட்சி இது. "ஐயா, என்ன தொழில்?" என்று உத்தியோகத்தர் கேட்கிறார். பத்துப் பரப்புச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர் தலைகுனிந்து "கூலி" என்கிறார். அவரோடு சேர்ந்து நட்டுக் களைபிடுங்கிய மனைவிக்கு, கேளாமலே "வீட்டுவேலை" என்று எழுதப்படுகிறது.

இது சிறிய விடயமன்று. சர்வதேச தொழில் தாபனம் உலகத்துத் தொழில்களைப் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுத்துள்ளது. 2008ஆம் ஆண்டின் வகுப்பின்படி கமக்காரர் 6ஆம் பிரிவில், தேர்ச்சியுள்ள தொழிலாளராக இடம்பெறுகின்றனர். தோட்டத்திற் கூலிக்கு நிற்பவரோ 9ஆம் பிரிவில், சாதாரண வேலையாளர். மண்ணின் பதமும் விதையின் தரமும் அறிந்த அதே மனிதர், காணி பறிபோனதும் தேர்ச்சியற்றவராகிவிடுகிறார். அவருடைய கைகள் மாறவில்லை, காணிதான் கைமாறியது.

1990களின் தொடக்கத்தில் இலங்கையில் உழைப்போரில் ஏறக்குறையப் பாதிப்பேர் விவசாயத்தில் இருந்தனர். இன்று அது கால்வாசி அளவாகக் குறைந்துள்ளது. பொருளியலாளர் இதனை வளர்ச்சியின் அடையாளம் என்பர். கமக்காரனின் மகள் படித்து, விரும்பி வேறு தொழிலுக்குப் போனால் அது வளர்ச்சியே. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர் கமத்தைக் கைவிட்டதும் வளர்ச்சியா? போர்க்காலத்தில் பல ஆண்டுகள் தொழிற்படைக் கணக்கெடுப்பு வடக்குக் கிழக்கை உள்ளடக்கவேயில்லை. நாடு முழுவதற்குமான குடிசன மதிப்பும் 1981இற்குப் பின் 2012இலேயே நடந்தது. ஆகவே நமது இழப்பு எந்த ஏட்டிலும் முறையாகப் பதியப்படவில்லை.

உத்தியோகத்தரைக் குறைகூறுவதற்கில்லை. இன்று செய்யும் வேலையை எழுதுவதே அவர் கடமை. ஆனால் மீள்குடியேற்றத்திற்கும் வாழ்வாதார உதவிக்கும் படிவம் தயாரிப்போர் "இடம்பெயருமுன் செய்த தொழில்" என்று இன்னொரு நிரல் சேர்க்கலாம். அது இல்லாதவிடத்து, கமக்காரருக்கென வரும் உதவி கூலியாளெனப் பதியப்பட்டவரைத் தாண்டிப் போய்விடும்.

அன்பான குடும்பங்களே, அடுத்த முறை கேட்கும்போது இரண்டையும் சொல்லுங்கள்: "தொழில் கமம், காணி இல்லாததால் இப்போது கூலி." பெண்களும் தம் தொழிலைத் தாமே சொல்லட்டும். காணி உறுதியையும் கமக்காரர் அமைப்பு அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பின் மாண்பு அதைச் செய்யும் மனிதரிலேயே உள்ளதென்று போதிக்கிறது. கூலிவேலை இழிவன்று. ஆனால் கமக்காரரைக் கூலியாளென்று மட்டும் எழுதி மூடிவிடுவது, அவர் இழந்ததை மறைப்பதாகும்.