சீட்டு எழுதவா ஐந்தரை வருஷம்?

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு ஹவுஸ் சர்ஜன் காலை முழுக்க என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நோயாளி பழைய சீட்டை நீட்டுகிறார். "மாத்திரை தீந்துபோச்சு சார்." இவர் 'சி.எஸ்.டி.' என்று எழுதுகிறார். அதே மருந்தைத் தொடரவும் என்று பொருள். கையெழுத்து. அடுத்த ஆள். நாலரை வருஷம் படித்துத் தேறிய பிள்ளையைச் சீட்டு எழுத உட்காரவைத்துவிட்டு, அதற்குப் பயிற்சி ஆண்டு என்று பேர்!

வார்டில் மட்டும் பாடம் அமர்க்களப்படுகிறது. பரீட்சைக்கு லாங் கேஸும் ஷார்ட் கேஸும் அங்கிருந்துதானே வருகின்றன. வீங்கிய மண்ணீரலை எப்படித் தடவிப் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லித்தருவோம். நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவர்கள் முன்னால் வந்து உட்காரப்போவது சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி, காரணம் பிடிபடாத அசதி. அதையெல்லாம் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்?

கேட்டால், "நேரம் எங்கே இருக்கு?" கூட்டம் பொய்யில்லை, வரிசை வாசல்வரை நிற்கிறது. ஆனால் நேரமில்லாத இடத்துக்கென்றே ஒரு முறையை அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் கற்பித்த நெஹரும் உடனிருந்தவர்களும் 1992-லேயே எழுதிவிட்டார்கள். என்ன நோய் என்று மாணவரையே சொல்லவை, ஏன் என்று கேள், பொதுவான ஒரு விதியைச் சொல்லிக்கொடு, சரியாகச் செய்ததைச் சொல், தவறைத் திருத்து. இவ்வளவுதான்.

தலைசுற்றல் என்று ஒரு பாட்டி வருகிறார். ஹவுஸ் சர்ஜனின் கை தானாக பீட்டாஹிஸ்டின் எழுதப் போகிறது. "என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், "காதுக் கோளாறு சார்." "ஏன்? படுத்துப் புரளும்போது வருதா, எழுந்து நிக்கும்போது வருதா?" கேட்டிருக்கவே மாட்டார். பாட்டியை ஐந்து நிமிஷம் படுக்கவைத்து பிரஷர் பார்க்கட்டும். எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்க்கட்டும். மேல் அளவு 20 இறங்கினால், சந்தேகம் காதை விட்டு அவர் விழுங்கும் பிரஷர் மாத்திரைகள் பக்கம் திரும்பும். பாட்டி படுத்திருக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு பேரைப் பார்த்துவிடலாம். அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

இதைச் செய்யாமல், நோயாளி முன்னாலேயே "இதுகூடத் தெரியாதா?" என்று கத்துகிறோம். பிள்ளை குன்றிப்போகிறது, அதன் பிறகு வாயே திறப்பதில்லை. நோயாளிக்கும் அந்த டாக்டர்மேல் நம்பிக்கை போய்விடுகிறது. வருஷக் கடைசியில் லாக் புக்கை அடுக்கிவைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறோம். அப்புறம், ஓ.பி.யில் உட்கார்ந்து போனில் நீட் பி.ஜி. கேள்விகளைப் புரட்டுகிறார்கள் என்று அவர்கள்மேலேயே குறை!

எல்லா நோயாளியையும் வைத்துப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு ஒரு காலையில் இரண்டே பேரைக் கொடுங்கள். முழுசாகக் கேட்கட்டும், தொட்டுப் பார்க்கட்டும், சீனியரிடம் வந்து தன் முடிவைச் சொல்லட்டும். 'சி.எஸ்.டி.' எழுத வேறு ஆள் போடுங்கள்.