226 என்றால் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை

எஃப்.டி.பி. வழியாக ஒரு ஃபைலை அனுப்பி முடித்ததும், அந்தப் பக்கத்து சர்வர் "226, டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட்" என்று பதில் சொல்லும். அந்த ஒரு வரியை நம்பி ஒரிஜினலை அழிக்கக் கூடாது என்பது என் கட்சி. போய்ச் சேர்ந்ததை எண்ணிப் பார்க்காத புரோகிராம் பாதி எழுதிய புரோகிராம்தான்.

தந்தி இலாகாவில் காலம் தள்ளியவன் என்பதால் இப்படிப் பேசுகிறேன். ஒவ்வொரு தந்தியின் தலைப்பிலும் இத்தனை சொற்கள் என்று எண்ணிக்கை போகும். வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பார். ஒரு சொல் குறைந்தாலும் திரும்பக் கேட்டுச் சரிசெய்த பிறகுதான் சேவகர் சைக்கிளை எடுப்பார். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள், சரி. அந்த வழக்கத்தையுமா மூட வேண்டும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு நம் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தத் தெருவில் எந்தச் சுவர் வரை தண்ணீர் நின்றது என்பதற்கு ஆளுக்கு நாலு படம் கைபேசியில் வைத்திருந்தோம். கால்வாய் விஷயமாக மனு கொடுக்கும்போது அதுதான் சாட்சி. அவற்றைத் திரட்டி வாடகை சர்வர் ஒன்றில் பத்திரப்படுத்த, தெருவில் ஒரு தம்பி பைத்தானில் புரோகிராம் எழுதினார். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. எல்லாவற்றுக்கும் 226. அங்கிருந்து எடுத்துத் திறந்தால் பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் வெள்ளத்துக்குப் பதில் வண்ணக் கோடுகள்.

"நெட் சரியில்லை அங்கிள்" என்றார். மூன்று தடவை மறுபடி அனுப்பினார். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். பாஸிவ் மோடை மாற்றினார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன்: என்ன கெட்டது என்று பார்க்கும் முன்பே எதையாவது மாற்றுவது. இரண்டு பக்கத்து ஃபைல் அளவையும் எழுதச் சொன்னேன். 20 லட்சம் பைட் படம் அந்தப் பக்கம் சுமார் 8,000 பைட் பெருத்திருந்தது! கம்பியில் தொலையலாம், கம்பியில் வளராது. யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

சேர்த்தது யார் என்று பார்க்க எஃப்.டி.பி.லிப் நூலகத்திலேயே வழி உண்டு. டீபக் லெவலை 1 என்று வைத்தால் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்வது திரையில் ஓடும். அதில் "டைப் ஏ" என்று இருந்தது, அதாவது எழுத்து முறை. தம்பி கையாண்டது ஸ்டோர்லைன்ஸ். அது வரிவரியான எழுத்துக்காக ஏற்பட்டது. பைட்டுகளில் 10 என்ற எண் தனியாக வந்தால் வரி முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு 13 சேர்த்துவிடும். படத்துக்குள் வரி ஏது? ஆனால் 10 என்ற எண் சராசரியாக 256 பைட்டுக்கு ஒன்று வரும். கணக்கு சரியாக உதைத்தது. படத்துக்கு வேண்டியது ஸ்டோர்பைனரி.

அந்த 13, 10 எங்கிருந்து வந்தது தெரியுமா? டெலிபிரிண்டர். வண்டியை இடப்பக்கம் தள்ள ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி ஏற்ற இன்னொரு குறி. கிண்டியில் 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் இயந்திரங்களோடு பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். எஃப்.டி.பி.யின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவரும் நம் நாட்டவர்தான்: கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண். அன்று ஒவ்வொரு கணினியும் வரி முடிவை ஒவ்வொரு விதமாக வைத்திருந்தது. இடையில் மொழிபெயர்ப்பு அவசியம்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. எஃப்.டி.பி.யின் வழக்கமான முறையில் இணைப்பு மூடுவதுதான் ஃபைல் முடிந்ததற்கு அடையாளம். முடிந்து மூடியதா, அறுந்து மூடியதா என்று அந்த அடையாளத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதை 1985-ன் விதி ஆவணமே ஒப்புக்கொள்கிறது. எண்ணிக்கையைத் தலைப்பில் அனுப்பும் வழக்கம் தந்தியில் எவ்வளவு காலமாக இருந்தது! பழைய எஃப்.டி.பி.யை விட்டு எஸ்.எஃப்.டி.பி.க்குப் போங்கள் என்பார்கள். போகட்டும், நல்லதுதான். அங்கேயும் ஒரு ஃபைலையாவது திரும்ப இறக்கி, ஷா-256 போட்டு ஒப்பிட்ட பிறகு அழியுங்கள் என்பேன்.

சேர்த்த 13-களை எடுத்துவிட்டால் படம் திரும்பாதா என்று தம்பி கேட்டார். திரும்பாது. ஒரிஜினலிலேயே 13, 10 ஜோடியாக இருந்த இடங்கள் படத்துக்குச் சுமார் 30 இருக்கும். எது பழையது, எது புதிதாக நுழைந்தது என்று பிரிக்க அடையாளம் இல்லை. பி.என்.ஜி. படவகையை வகுத்தவர்கள் இந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்கவென்றே ஃபைலின் முதல் எட்டு பைட்டுக்குள் 13, 10 என்று வைத்தார்கள். அதுவும் கெட்டது என்று சொல்லும், மீட்டுத் தராது.

இப்போது வீடு வீடாகப் போய்ப் பழைய கைபேசிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நிறையப் பேர் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூன்று வீடுகளில் "சர்வருக்குப் போய்விட்டதே" என்று அழித்திருந்தார்கள்.