30 நாளில் 30 கோடி

முப்பது நாட்களுக்குள் 30 கோடி ரூபாயைச் செலவிட்டு, முடிவில் ஒரு காசும் ஒரு பொருளும் கைவசம் இல்லாதவனாய் நிற்பவனுக்கு 3,000 கோடி உரியதாகும். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அருணாசலம்’ என்னும் திரைப்படத்தின் பந்தயம் இது. 1902இல் ஜார்ஜ் பார் மக்கட்சன் என்னும் அமெரிக்கர் எழுதிய ‘புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ என்ற நாவலே இத்தகைய கதைகட்கெல்லாம் தாய்.

‘உமக்குக் கிடைத்தால் என் செய்வீர்?’ என மாணவர் ஒருவரையொருவர் வினவி மகிழ்வதுண்டு. கணக்கைப் பார்த்தால் மகிழ்ச்சி குறையும். நாளொன்றுக்கு ஒரு கோடி. மணிக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000. எட்டு மணி நேரம் உறங்கி எழுபவன் 33 லட்சம் பின்தங்கியிருப்பான். ஒரே வயிறு படைத்த மனிதன் இதனைத் தனக்கெனச் செலவிடுதல் அரிது. ஆதலின் போலும், திரைப்படத்தில் தான தருமம் விலக்கப்பட்டது. அவ்வாயில் திறந்திருப்பின் ஒரே பகலில் கதை முடிந்துவிடும் என அஞ்சினர்.

அவ்வச்சம் வீணென்பது எம் துணிபு. சக் ஃபீனி என்னும் அமெரிக்கச் செல்வர், வாழுங்காலத்திலேயே யாவும் கொடுத்து முடிப்பதென உறுதி பூண்டவர். 1982இல் அவர் நிறுவிய அறநிலையம், ஏறக்குறைய 800 கோடி டாலரை வழங்கிவிட்டு மூடப்பட்டது 2020இல்தான். கொடுக்கத் துணிந்தவருக்கே 38 ஆண்டுகள்!

இத்தாமதத்தின் காரணத்தைச் செய்யூர் வட்டத்து இடைக்கழிநாட்டில் தேடலாம். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நிலம் அது. அங்கே ஆலம்பரைக் கோட்டையில் 18ஆம் நூற்றாண்டில் நாணயம் அடித்தனர். இன்று எஞ்சியவை இடிந்த மதில்களே. நாணயத்தினும் நெடுநாள் நின்றது அந்நாட்டுப் புலவரின் பாட்டு. சிறுபாணாற்றுப்படை பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் அன்றோ? நல்லியக்கோடனின் கொடையைப் புகழ வந்தவர், பாணன் மனையின் அடுக்களையையும் காட்டுகிறார். பசியால் இளைத்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து, உப்பின்றி வேகவைத்து, புறங்கூறுவோர் காணாதவாறு வாயிற்கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கரையைச் சார்ந்த புலவர் உப்பில்லாக் கீரையைப் பாடினார்!

நிமிடத்துக்கு ஏழாயிரம் இறைப்பவன் அடைத்த கதவைக் காணான். தெருவில் கையேந்தி நிற்பாரையே காண்பான். கதவைத் தட்டி, பெயரெழுதி, படம் பிடித்துக் கொடுப்பானாயின், அவள் எதற்கு அஞ்சிக் கதவடைத்தாளோ அதனையே செய்தவனாவான். ஈகையை மறைவிற் செய்யுமாறு மலைப்பிரசங்கம் பணித்தது கொடுப்போனின் ஆன்மாவுக்காக மட்டுமன்று, பெறுவோரின் நாணத்துக்காகவும் என யாம் கருதுகிறோம்.

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் அத்தொழிலாளர் வீட்டு அடுப்பு எரிவது பெரும்பாலும் கடனால். எவர் வீட்டில் எந்நாள் முதல் அரிசி குறைந்தது என்பதை மளிகைக் கடைக்காரர் அறிவார். அவர்தம் கடன் ஏடும் அறியும். முப்பது கோடியில் ஒரு நாட்பங்கு எமக்கு வாய்ப்பின், அவ்வேடுகளை ஒவ்வொன்றாய்த் திறக்கச் செய்து, பற்று எழுதிய வரிகளை ஓசையின்றி அடிக்கச் சொல்வோம். பந்தய விதிப்படி யாம் தோற்பது திண்ணம். வட்டத்துக் கடைகளின் ஏடுகளைக் கூட்டி முடிப்பதற்குள்ளேயே முப்பது நாட்களும் கழிந்திருக்கும்.