வாய்மூடிய பௌத்தம் யாருக்கு வேண்டும்?

நகரத்தில் இப்போது புத்தருக்கு நல்ல மவுசு. வீட்டு வரவேற்பறையில் தலையை மட்டும் தனியாக எடுத்து வைத்த புத்தர், அழகு நிலையத்தில் புத்தர், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தண்ணீர் வழியும் கல்லுக்கு நடுவே புத்தர். எல்லாப் புத்தருக்கும் கண் மூடியிருக்கிறது, வாயும் மூடியிருக்கிறது. ஊர் ஊராக நடந்து, மகத ராஜாவிலிருந்து குப்பை கூட்டிய சுனீதன் வரைக்கும் எதிரில் உட்காரவைத்துப் பேசிய ஒரு மனுசனை இப்படிப் பேச்சில்லாத பொம்மையாக ஆக்கியது யார்?

இந்தப் பொம்மையைச் சுற்றித்தான் சிறுநகரங்களில்கூடத் தியானக் குழுக்கள் முளைத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை, பௌர்ணமிக் கூடுகை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு மௌன முகாம். படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகள், சுவரில் அம்பேத்கர் படம் பார்த்து வளர்ந்தவர்கள், பௌத்தம் என்றதும் ஆசையோடு அங்கே போகிறார்கள். போகட்டும். ஆனால் எதைக் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வாயை மூடிக்கொண்டு கிடப்பதுதான் பௌத்தம் என்று கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். அது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள அப்படியொரு குழுவுக்கு இரண்டு வருஷம் போய்வந்தேன். குறை சொல்லுமுன் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வாசலில் யாரும் மறிக்கவில்லை. காசு கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். பிறகு எல்லாருக்கும் டீ, ஒரே மாதிரி டம்ளர். டம்ளர் ஒன்றுதான், கேள்விதான் வேறு. ‘தம்பிக்கு எந்த ஊரு?’ சொன்னேன். ‘ஊருல எந்தப் பக்கம்?’ சொன்னேன். ‘மாரியம்மன் கோயிலுக்கு முன்னாடியா, தாண்டியா?’ தாண்டித்தான். அத்தோடு பேச்சு நின்றது. தமிழ்நாட்டில் படித்தவர்கள் சாதியைச் சாதியென்று கேட்பதில்லை, விலாசமாகக் கேட்பார்கள்.

கூடுகையின் முடிவில் மைத்ரி தியானம். எல்லா உயிரும் நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் நினைக்க வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அடுத்த கூடுகையில், அந்த ஊர் ஜனங்களைப் பேர் சொல்லி நினைக்கலாமா என்று கேட்டேன். ‘அரசியலைச் செருப்போட வெளியிலயே விட்டுட்டு வாங்க தம்பி’ என்றார் வழிநடத்துகிற பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை, புன்னகையோடுதான் சொன்னார். செருப்பை விட்டுவிட்டு வரலாம் ஐயா. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்கு அடிபட்டவனின் பேரன் நான். எனக்கு அந்தச் செருப்பே அரசியல்தான். எல்லா உயிருக்கும் இரங்குகிற நெஞ்சில் ஒரு சேரிக்கு மட்டும் இடமில்லையென்றால் அந்த ‘எல்லா’ யாரைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு?

மூன்று நாள் மௌன முகாமில் இன்னொன்றைப் பார்த்தேன். விடிகாலையில் நாங்கள் வரிசையாகக் கண்மூடி உட்கார்ந்திருக்க, பக்கத்துக் காலனியிலிருந்து கூலிக்கு அழைத்த ஓர் அம்மா கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று நாளும் அவர்தான். ‘வாங்கம்மா, பத்து நிமிஷம் உக்காருங்க’ என்று யாரும் அவருக்கு ஒரு பாய் விரிக்கவில்லை. கடைசி நாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘இங்க பேசக் கூடாதாம்ல. அதனால கூலி எப்பத் தருவீங்கன்னு கேக்கவும் முடியல’ என்றார். மௌனம் யாருக்கு வசதி, யாருக்கு வாய்ப்பூட்டு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இது ஏதோ ஒரு குழுவின் குணக்கேடு என்று விட்டுவிடலாம். ஆனால் இவர்கள் தங்கள் மௌனத்துக்குப் புத்தரையல்லவா சாட்சிக்கு இழுக்கிறார்கள்! அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சங்கம் எப்படிக் கூட வேண்டும் என்ற விதிகள் வினயபிடகத்தின் மகாவக்கத்தில் இருக்கின்றன. மழைக்கால முகாம் எப்படி வந்தது? அடைமழையிலும் பிக்குகள் ஊர் சுற்றிப் பயிர்பச்சையை மிதிக்கிறார்கள், சின்னஞ்சிறு உயிர்களைக் கொல்கிறார்கள் என்று ஜனங்கள் ஏசினார்கள். அதனால்தான் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கச் சொன்னார் புத்தர். உபோசத நாள் கூட்டம் எப்படி வந்தது? மற்றச் சமயத்தார் குறிப்பிட்ட திதிகளில் கூடிப் பேசுகிறார்கள், ஜனங்கள் திரளுகிறார்கள், நாமும் கூடினால் என்ன என்று கேட்டவர் பிம்பிசார ராஜா. புத்தர் சம்மதித்தார். பிக்குகள் கூடினார்கள், கூடிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வந்த ஜனங்களுக்கு எரிச்சல். வாயில்லாத பன்றிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே என்று வைதார்கள். அதன்பிறகே கூடும் நாளில் தம்மத்தைப் பேசுங்கள் என்றார் புத்தர். ஜனங்களின் ஏச்சிலிருந்து விதி பிறந்திருக்கிறது. இன்றைக்கு ஏசினால் ‘மனசை அமைதிப்படுத்துங்க’ என்கிறார்கள்.

மூன்றாவது கதைதான் முக்கியம். கோசல நாட்டில் சில பிக்குகள், மழைக்காலம் சச்சரவில்லாமல் கழிய வேண்டுமென்று ஒருவரோடொருவர் பேசுவதில்லை என முடிவுகட்டினார்கள். பிச்சையெடுத்து முதலில் திரும்புகிறவர் ஆசனம் போடுவார், கால் கழுவத் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருகிறவர் கூட்டித் துடைப்பார். குடம் கனமாக இருந்தால் சைகை காட்டி ஆள் கூப்பிடுவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். மழை முடிந்து சிராவத்திக்குப் போய், நிம்மதியாக இருந்தோம் என்றார்கள். புத்தர் மெச்சவில்லை. ஆடுமாடு ஒரே பட்டியில் கிடக்கிற மாதிரி கிடந்துவிட்டு அதை நிம்மதி என்கிறீர்களா என்று கடிந்தார். மௌன விரதம் இனிக் கூடாது என்று தடுத்தார். அதற்குப் பதிலாக ஒரு சடங்கை வைத்தார். அதன் பேர் பவாரணை. முகாம் முடிகிற நாளில் ஒவ்வொரு பிக்குவும் கைகூப்பி உட்கார்ந்து, என்னிடம் நீங்கள் கண்ட குறை, கேட்ட குறை, சந்தேகப்பட்ட குறை எதுவானாலும் சொல்லுங்கள் என்று சங்கத்தை வேண்ட வேண்டும். அதுவும் மூத்தவர்தான் முதலில்.

தோழர்களே, மௌன முகாமுக்குப் புத்தர் போட்ட தடை இது. புத்த முகாம் என்பது விமர்சனத்தில் முடிய வேண்டும். முதலாளியும் தலைவனும் குருவும் முதலில் கைகூப்பி உட்கார்ந்து ‘என் குறை என்ன’ என்று கேட்க வேண்டும். அது இல்லாத முகாமை எந்தப் பேரிட்டும் அழைத்துக்கொள்ளுங்கள். பௌத்த முகாம் என்று சொல்லாதீர்கள்.

உன்னத மௌனத்தையும் புத்தர் சொன்னாரே என்று பாலி படித்தவர்கள் குறுக்கே வருவார்கள். சொன்னார். கூடினால் தம்மத்தைப் பேசு, இல்லாவிட்டால் மௌனமாக இரு என்றார். பேச்சைத்தான் முதலில் வைத்தார். இன்னொன்றையும் அவர்கள் நினைவில் வைக்கட்டும். ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில் இந்த வினய விதிகளை ஒப்பித்தவர் உபாலி என்பது மரபு. உபாலி முடிவெட்டும் தொழிலாளி. தங்கள் குலத்திமிர் அடங்க வேண்டுமென்று சாக்கிய இளவரசர்களே அவரை முதலில் சங்கத்தில் சேர்க்கச் சொல்லி, பிறகு அவரை வணங்கினார்கள். கூடுகையின் சட்டமே ஒரு நாவிதரின் வாய்வழியாக வந்திருக்கிறது. அந்த வாயையா மூடச் சொல்கிறீர்கள்?

நம் மண்ணிலும் பௌத்தம் வாயைத் திறந்துகொண்டுதான் வந்தது. 1898-ல் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். வாசகர்கள் கேள்வி கேட்டார்கள், அவர் பதில் எழுதினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தொழிலாளிகள் சங்கம் வைத்தார்கள், சொற்பொழிவு நடத்தினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கலியாணத்தையும் சாவையும் பார்ப்பான் இல்லாமல் செய்தார்கள். பகலெல்லாம் பூமிக்கடியில் இருட்டில் கிடந்தவர்களுக்குக் கூடுகை என்பது கண்ணைத் திறக்கிற இடம். தமிழில் சங்கம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் கூலி உயர்வு கேட்கிற இடம்தான் தொழிலாளிக்கு ஞாபகம் வரும். அது தப்பான ஞாபகம் இல்லை.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான ஜனங்களோடு தம்மம் ஏற்ற பாபாசாகேப், 22 உறுதிமொழிகளை வாய்விட்டுச் சொல்லவைத்தார். மனசுக்குள் நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் இறந்தபின் 1957-ல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே, புத்தர் பிக்குவை உண்டாக்கியது தன்னளவில் பூரணமான மனிதனாக இருக்கவா, ஜனங்களுக்கு ஊழியம் செய்யவா என்று கேட்டார். நம் தியானக் குழுக்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

இதற்காகத் தியானத்தையே தூக்கி எறி என்கிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூச்சு யாருடைய பட்டா நிலமும் இல்லை. எங்கள் தெருவில் மாதம் ஒரு ராத்திரி கூடுகிறோம், கால்மணி நேரமாவது உட்காருகிறோம். பீடி சுற்றுகிற ஓர் அக்கா சொன்னாள்: ‘இம்புட்டு நேரம் யாரும் என்னைய ஏய்னு கூப்புடல தம்பி. அதுவே போதும்.’ அந்த நிம்மதியைப் பறிக்க நான் யார்? ஆனால் அவளால் பத்து நாள் முகாமுக்குப் போக முடியாது. 1969-லிருந்து கோயங்கா இந்தியாவில் பரப்பிய விபாசனா முகாமில் கட்டணமில்லை, உண்மைதான். பத்து நாள் பீடிக் கூலியை யார் தருவது? பிள்ளைக்குச் சோறு யார் வடிப்பது? இலவசம் என்பது நேரம் உள்ளவனுக்குத்தான் இலவசம்.

சரி, நம் விகாரைகள் என்ன லட்சணம்? வைசாகப் பௌர்ணமிக்கும், ஏப்ரல் 14-க்கும், டிசம்பர் 6-க்கும் திறக்கிறோம். மாலை, ஒலிபெருக்கி, தலைவர் பேச்சு, பிரியாணி. மற்ற நாளில் பூட்டு. அவர்கள் கூடிவந்து பேசுவதில்லை. நாம் பேசவைத்துக் கேட்பதில்லை. மேடையில் ஆண்கள், அடுப்படியில் பெண்கள். ராத்திரி குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தவன் காலையில் பஞ்சசீலம் சொல்லித் தருகிறான். ஐந்தாவது சீலம் வரும்போது கூட்டத்தில் பெண்கள் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

எனவே நாம் செய்ய வேண்டியது இது. நம் சேரியிலேயே, சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு பொழுது சாய்வதற்குள் முடிகிற முகாம் வைப்போம். பிள்ளைகளோடு வரட்டும். சமையல், கக்கூஸ் கழுவுதல் எல்லாம் முறைவைத்து நடக்கட்டும், முதல் முறை தலைவருக்கு. கொஞ்ச நேரம் உட்காருவோம், நிறைய நேரம் பேசுவோம். முடிவில் பவாரணை. பழைய விதியில் பிக்குணிகள் பிக்குகளின் குறையைச் சொல்ல உரிமை இல்லை. அந்த அநியாயத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. நம் பவாரணையில் இயக்கத் தலைவர் முதலில் கைகூப்பி உட்காரட்டும், பெண்கள் முதலில் வாய் திறக்கட்டும்.

நகரத்துத் தியானக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களை உள்ளே விட்டதற்கு நன்றி எதிர்பார்க்காதீர்கள். மழைக்காலம் முடிகிற பௌர்ணமி வருஷாவருஷம் அக்டோபர் வாக்கில் வருகிறது. அன்றைக்குக் கூடுங்கள். கக்கூஸ் கழுவிய அந்த அம்மாவுக்கும் ஒரு பாய் போடுங்கள். உங்கள் பெரியவர் முதலில் கைகூப்பிக் கேட்கட்டும்: எங்களிடம் என்ன குறை கண்டீர்கள், என்ன கேட்டீர்கள், எதைச் சந்தேகப்பட்டீர்கள்? கேட்டுப் பாருங்கள். சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது.